இடதுக்கு இரண்டு, வலதுக்கு ஒன்றுமில்லை

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று றிஸானா சொல்லியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுத வேண்டுமாம். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வேலைத்தளத்தின் சுவரில் மாட்டப் போகிறாராம். பழைய கார்களின் கால்பலகைக்கு றப்பர் ஒட்டுவது எப்படி என்பதுதான் விஷயம். முப்பத்தெட்டு வருடம் அந்த வேலையைச் செய்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "யோகன் அங்கிள், நீங்க மறக்க முன்ன எழுதித் தாங்கோ" என்றார். எனக்கு அறுபத்தாறு வயது. மறதிக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

றிஸானா, என் முதலாளி ஹனிபா நானாவின் மகள். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை நானா என்போம். கொட்டாஞ்சேனையில் நானா நடத்திய குஷன் வேலைத்தளம் இப்போது அவர் கையில் இருக்கிறது. இந்தக் காலத்தில் றப்பர் விரிப்பெல்லாம் அந்தந்தக் காருக்கென்று வெளிநாட்டிலேயே வெட்டி, பெட்டியில் போட்டு வருகிறது. இடது எது, வலது எது என்றுகூடப் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலை றிஸானாவிடம் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கம்பனியும் வெட்டித் தராத கிழட்டுக் கார்கள் சில இன்னும் கொழும்பில் ஓடுகின்றன. அவற்றுக்காகத்தான் இந்த ஒரு பக்கம்.

கால்பலகை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கார்களில் முன் மட்கார்டில் இருந்து பின் மட்கார்ட் வரை, கதவுகளுக்குக் கீழே ஒரு நீளப் பலகை போகும். தகரத்தில் செய்தது. அதில் காலை வைத்துத்தான் காருக்குள் ஏற வேண்டும். கால் வழுக்காமல் இருக்க அதன் மேல் வரி வரியாக றப்பர் ஒட்டியிருக்கும். முன்பக்கம் அகன்று வளைந்து, பின்பக்கம் ஒடுங்கிப் போகும். ஒரு காருக்கு இரண்டு பலகை. ஒன்று மற்றதன் கண்ணாடி உருவம். இந்தக் கடைசி வசனத்தை ஒரு காலத்தில் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பத்தொன்பது வயதில் வந்தேன். கணக்கில் கெட்டிக்காரன், கொழும்பில் ஏதாவது கந்தோரில் உட்கார்ந்துவிடுவான் என்று வீட்டில் நம்பினார்கள். கந்தோர்கள் அப்படி நினைக்கவில்லை. நானாவிடம் சேர்ந்து இரண்டு வருடம் பழைய பசை சுரண்டினேன். இன்னும் இரண்டு வருடம் சீட்டுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்தேன். அதற்குப் பிறகு நானா ஒரு நாள் கத்தியைக் கையில் தந்தார். படிப்பு அவ்வளவுதான், பட்டமளிப்பு விழாவெல்லாம் கிடையாது.

வேலைக்கு வருவோம். றப்பர் சுருளாகத்தான் வரும். வந்த உடனே வெட்டக் கூடாது. சீமெந்துத் தரையில் விரித்து மூன்று நாள் விட வேண்டும், மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் வெயில் காட்ட வேண்டும். "படுக்கட்டும், படுக்கட்டும். பிரயாணம் செஞ்சு வந்தீக்கி" என்பார் நானா. அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும். அவசரப்பட்டு ஒட்டினால் அது பிறகு சுருங்கி, ஓரத்தில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி விடும். அந்த மூன்று நாளில் பலகையைக் கழற்றி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிவப்புப் பூச்சு அடித்துக் காயவிடலாம்.

அடுத்தது பற்றன். அது பலகையின் உருவத்தைத் தாளில் எடுப்பது. பிறவுண் பேப்பரை இடது பலகையின் மேல் இழுத்துப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியில் கறுப்புச் சப்பாத்து பொலிஷைத் தடவி, ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டு போவார் நானா. பலகையின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தாளில் விழும். அதை வெட்டி, மேற்பக்கத்தில் 'மேல்' என்று பெரிதாக எழுதுவார். ஒரு பற்றன் போதும், அதைப் புரட்டினால் மற்றப் பக்கம். றப்பரின் வரிப்பக்கத்தில் சோக்குக் கட்டி பிடிக்காது. ஆகவே கவிழ்த்துப் போட்டு முதுகில்தான் கோடு கீற வேண்டும். முதுகில் கீறும்போது எல்லாம் தலைகீழ். தாளில் 'மேல்' என்ற எழுத்து மறைந்திருந்தால் இடது, தெரிந்தால் வலது. றிஸானா, இதை நம்பர் நான்கு என்று போட்டு, சிவப்பு மையால் அடிக்கோடு இடுங்கள்.

கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டின் முதுகைப் பெற்றோல் துணியால் துடைத்து, மினுக்கம் போகும்வரை உப்புத்தாள் போட வேண்டும். மஞ்சள் பசையைப் பலகையிலும் றப்பரிலும் மெல்லிசாகப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்பார்கள். மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் ஒரு நேரம். நானா விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார். "கையில ஒட்டப்படா. ஆனா கைய உடவும் மனசில்லாம ஈக்கணும்" என்பார். அந்தப் பதம் வந்ததும் இரண்டுக்கும் நடுவில் பழைய பேப்பர்த் தாள்களைப் பரப்பி, றப்பரை மேலே வைத்து, வரி வெளி ஓரத்தோடு நேராகப் போகிறதா என்று தரையில் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, நடுவில் இருந்து தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். ஒட்டிய இடம் ஒட்டியதுதான், பிறகு கெஞ்சினாலும் வராது. றப்பரை ஒருபோதும் இழுக்கக் கூடாது. மரஉருளையால் நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தி, சுற்றிவர அலுமினிய ஓரப்பட்டி அடித்து, மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் விட்டால் வேலை முடிந்தது.

கடைசியில் எண்ணெய் போட்டு மினுக்க வேண்டாம். இது நானா சொன்னதல்ல, நான் பட்டது. வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடத்தில், ஒரு கலியாணத்துக்குப் போகிற காரின் கால்பலகை நன்றாகப் பளபளக்கட்டுமே என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். பம்பலப்பிட்டியில் கோயில் வாசலில் மாப்பிள்ளை பத்திரமாக இறங்கிவிட்டார். பின்னால் இறங்கிய தோழன் நேராக றோட்டில் உட்கார்ந்தார். பட்டுவேட்டி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். வீடியோக்காரர் ஒரு நொடியையும் விடாமல் எடுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் தாலி கட்டுவதைவிட அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

அன்றைக்குத்தான் ஹனிபா நானாவின் பிளேன்டீயை முதல் தடவை குடித்தேன். நானா யாரையும் ஏசுவதில்லை. வேலைத்தளத்தில் யாராவது பிழை விட்டால், எதிர்த்த தேநீர்க் கடைக்குக் குரல் கொடுத்து ஒரு பிளேன்டீ, அதாவது பால் போடாத தேநீர், எடுப்பிப்பார். பிழை விட்டவனுக்கு மட்டும். தானும் முன்னால் ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்து, அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். ஏசினால் திருப்பி ஏதாவது சொல்லலாம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது? மற்ற வேலையாட்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவார்கள். நானா யாருக்காவது தேநீர் சொல்கிறார் என்றால் அவரவர் வெட்டியதை அவரவர் திரும்ப அளந்து பார்ப்போம்.

இனித்தான் றிஸானாவின் ஒரு பக்கம் தாண்டப் போகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னர், வெள்ளவத்தையில் இருந்து ஓர் இஞ்சினியர் தன் காரைக் கொண்டுவந்தார். கனகசபை என்று பெயர். அரசாங்க வேலையில் இருந்து இளைப்பாறி இருபது வருடம் ஆகியும் சட்டைப் பையில் சின்ன இரும்பு அடிமட்டம் வைத்திருப்பவர். தகப்பன் வாங்கிய இங்கிலிசுக் கார். அதற்குச் சரியான றப்பர் கொழும்பில் எங்கும் கிடைக்கவில்லை. அவரே அளந்து, அங்குலக் கணக்கில் எழுதி, லண்டனில் இருந்து எடுப்பித்திருந்தார்.

அதை அனுப்பியவர் அவருடைய மருமகன், ரவி. அந்த மருமகனோடு மனிதர் எட்டு வருடமாகக் கதைத்ததில்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை, இவர் கலியாணத்துக்கே போகவில்லை. மகளோடு கதைப்பதும் மனைவிதான், இவர் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிப்பாராம். அப்படிப்பட்டவருக்கு றப்பர் தேவைப்பட்டது. மனைவி அந்த அளவுத் தாளைத் தன் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்ப, பத்து நாளில் சுருள் வந்து இறங்கியது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் இஞ்சினியரேதான். நான் கேட்கவில்லை. அடக்கி வைத்திருந்தவருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"ஆவணியில வருகினம், யோகன். மகள், பேத்தி... மருமகனும்தான்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை, சூடான கிழங்கை வாய்க்குள் வைத்திருப்பவர் போல ஒரு மாதிரித்தான் சொன்னார். "பேத்திக்கு ஆறு வயசு. நான் இன்னும் நேரில பார்க்கேல்ல. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு இந்தக் காரிலதான் போறன். புட்போர்ட்டில கால் வைச்சு அவள் ஏறவேணும். வழுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"என்ர பொறுப்பு, சேர்" என்றேன். என் வாய் எப்போதும் கொஞ்சம் முந்தும்.

இடது பக்கத்தை முதலில் வெட்டி ஒட்டிவிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த நாள் வலது பக்கம். இஞ்சினியர் பார்க்க வந்து பக்கத்தில் நின்றார். பற்றனைப் புரட்டி, 'மேல்' தெரியும்படி கவிழ்த்த றப்பரின் மேல் சரியாகத்தான் வைத்தேன். அப்போது அவர், "இந்த வரி வெளி ஓரத்தோட நேராப் போகுமோ? எனக்கு விளங்கேல்ல" என்றார். விளங்க வைக்கிறேன் பேர்வழி என்று தாளை எடுத்துவிட்டு, றப்பரை வரிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, அதன் மேல் தாளை 'மேல்' தெரிந்தபடியே திரும்ப வைத்துக் காட்டினேன். "பாருங்கோ சேர், மயிர் பிசகாது." அவர் அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, "வெரி குட்" என்றார். ஓர் இஞ்சினியர் எனக்கு வெரி குட் சொல்லிவிட்டார்! சோக்குக்கூடப் போடாமல், தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையில் கத்தியை ஓட்டினேன். முப்பத்தைந்து வருடக் கை. அவர் தலையை ஆட்டி ரசித்துவிட்டுப் போனார்.

தாளையும் புரட்டி, றப்பரையும் புரட்டினால் என்ன வரும் என்று யோசியுங்கள். பின்னேரம் பலகையில் வைத்துப் பார்த்தபோது, அகன்ற பக்கம் பின் மட்கார்டில் போய் நின்றது. திருப்பி வைத்தேன், வளைவு உள்பக்கம் போனது. கவிழ்த்து வைத்தேன், உருவம் கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் வரி தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. நான்கு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது விதம் ஒன்று இருந்தால் அதையும் பார்த்திருப்பேன். என் கையில் இருந்தது இரண்டாவது இடது. மிச்சமிருந்தது அரையடித் துண்டு ஒன்று.

வேலைக்குச் சேர்ந்து ஆறாம் மாதத்தில் ஒருவன் விடுகிற பிழை அது. அப்படி விட்டவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்! யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தத் துண்டைச் சுருட்டிப் பின்னால் தும்பு மூட்டைகளுக்கு அடியில் செருகினேன். வெட்கத்தில் காது சுட்டது. இரவு முழுக்க யோசித்து ஒரு நல்ல வழியும் கண்டுபிடித்தேன். நல்ல வழி என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் இஞ்சினியர் வந்தார். வலது பலகை வெறும் சிவப்புப் பூச்சோடு கிடந்தது.

"என்ன, இன்னும் ஒட்டேல்லயோ?"

"சேர், றப்பர் காணாது. ஒரு பக்கத்துக்குத்தான் சரியா வந்தது."

"காணாதோ? நான் அங்குலக் கணக்கில எழுதினனான். அரையடி கூடவும் போட்டனான்."

"அங்க கடையில குறைச்சு வெட்டியிருப்பாங்கள், சேர்" என்றேன். பழியை ஏதோ முகம் தெரியாத லண்டன் கடைக்காரன் தலையில் போட்டதாக எனக்கு எண்ணம். அவர் காதில் அது அப்படி விழவில்லை.

"கடைக்காரனோ! கடைக்காரன் ஏன் குறைக்கிறான்? இவர் குறைச்சு வாங்கியிருப்பார். எனக்குத் தெரியும், அந்தக் குடும்பத்துக்கு எல்லாத்திலயும் ஒரு பிசுனாரித்தனம்." போனை எடுத்தார். நம்பர் அவரிடம் இல்லை. மனைவிக்கு எடுத்து, "அவற்ற நம்பரைச் சொல்லும். ஏனெண்டு கேக்காதேயும், சொல்லும்" என்றார். பிறகு லண்டனுக்கு அடித்தார்.

வேலைத்தளத்தில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. வணக்கம் இல்லை, சுகமா என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஏசினார். அளந்து எழுதித் தந்ததை வாசிக்கத் தெரியாதா, ஒரு றப்பர்த் துண்டு வாங்கவும் காசு எண்ணுகிறவருக்கு ஏன் ஒரு வீட்டில் பெண், எட்டு வருடத்துக்கு முன்னரே தனக்குத் தெரியும். இப்படி ஓர் ஐந்து நிமிடம். கடைசியில் அந்தப் பக்கம் ஏதோ சொன்னது கேட்டது, சின்னக் குரல். இவர் போனை வைத்துவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "திரும்ப அனுப்பிறாராம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். கல் மாதிரி நின்று தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வேலைத்தளத்துக்கு ஒரு போன் கோல் வந்தது. இஞ்சினியரின் மனைவி.

"தம்பி, அந்தக் காருக்கு அவசரப்படாதேங்கோ. ஆறுதலா ஒட்டுங்கோ."

"ஏன் அம்மா, ஆவணி வருதே?"

"பிள்ளையள் வரேல்லயாம். மகள் சொல்லிப்போட்டாள், என்ர மனுசனை ஏச்சு வாங்க வைக்க நான் கூட்டிக்கொண்டு வரேலாது எண்டு. அவள் சொல்றதிலயும் பிழையில்லைத் தானே? நான் பேத்திக்குக் கட்டில்கூட வாங்கி வைச்சிட்டன், தம்பி."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஹனிபா நானா தன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலியில் ஒரு பிளேன்டீ. சீட்டுக்குப் பக்கத்தில், தும்பு ஒட்டியபடி, நான் ஒளித்து வைத்த துண்டு. எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. அந்த வயதில், இத்தனை பேருக்கு முன்னால், நான் போய் அந்தத் தேநீருக்கு முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

நானா வழமையில் வாய் திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்தார்.

"ரெண்டும் இடதா?"

"ஓம், நானா."

"கோல்ல ஆரு? அந்த வீட்டு அம்மாவா?"

சொன்னேன். பிள்ளைகள் வரவில்லையாம் என்றேன். கட்டிலையும் சொன்னேன். அவர் என் கையில் இருந்த தேநீரை வாங்கிக் கீழே வைத்தார். பாதிதான் குடித்திருந்தேன்.

"றப்பர் பிழைச்சா நான் வேற எடுத்துத் தாரேன். அதுக்கு உன்ன ஒண்டும் சொல்ல மாட்டேன். ஆனா நீ பேசாம நிண்டீக்கிறாய், அந்த மனுசன் ஏசக்குள்ள. அதத்தான் என்னால தாங்கேலாம ஈக்கி. போ. இதையும் எடுத்துக்கொண்டு போ. இப்பவே போ."

பஸ்ஸில் போனேன். சுருட்டிய றப்பர் ஒரு ஆள் உயரம். "அய்யே, ஓக்க பொட்டக் அஹகட கன்ன" என்று கொண்டக்டர் சிங்களத்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் அதை ஓரமாக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஓரமாக்க எங்கே இடம்? வெள்ளவத்தை வர முன்னமே பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன். நெரிசல் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில் நடந்து போனால் இன்னும் அரை மணித்தியாலம் கிடைக்கும். வழியில் ஒரு கோயில். உள்ளே போய், இஞ்சினியர் வீட்டில் இருக்கக் கூடாது என்று மனமுருகிக் கும்பிட்டேன். அவர் வீட்டில்தான் இருந்தார். கதவையும் அவரேதான் திறந்தார்.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இரண்டாம் மாடி வீடு. நடு அறையில் மேசையை நகர்த்தி, றப்பரைத் தரையில் விரித்தேன். அவர் முழங்காலில் இருந்து அடிமட்டத்தை வைத்தார். அந்த வயதில் முழங்காலில் இருப்பது லேசில்லை. மனைவி குசினி வாசலில் வந்து நின்றார்.

"இது சரியாத்தானே இருக்கு?" என்றார் இஞ்சினியர்.

"சரிதான், சேர். ஆனா இது இடது."

"இடது ஒட்டியாச்சே?"

"ஓம் சேர். இது ரெண்டாவது இடது."

அவர் அடிமட்டத்தை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அனுப்பின றப்பர் காணும்."

"காணும், சேர். அரையடி மிச்சமும் இருக்கு. நான்தான் பிழையா வெட்டினனான். வெட்கத்தில பொய் சொல்லிப்போட்டன்."

"நான் அந்தப் பிள்ளையை என்ன சொன்னனான் எண்டு உமக்குத் தெரியும் தானே?"

"தெரியும், சேர். பக்கத்திலதான் நிண்டனான்."

"நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீர்."

"ஓம், சேர்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசுங்கள் ஐயா, ஏசித் தொலையுங்கள் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். அவர் மேசையைப் பிடித்து எழும்பி, கதிரையில் இருந்து, போனை எடுத்து அமத்தி, என்னிடம் நீட்டினார். "நீரே சொல்லும்."

"ஸ்பீக்கரில போடுங்கோ, தம்பி" என்றார் வாசலில் நின்ற அம்மா. போட்டேன். லண்டனில் அப்போது மத்தியானம். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது.

"மாமா?" என்றது குரல். பயந்த குரல்.

"நான் மாமா இல்லைத் தம்பி. றப்பர் ஒட்டுற யோகன்." எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் புரட்டி றப்பரையும் புரட்டியதை அவருக்கு விளங்கச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. முடித்துவிட்டு, மன்னிக்கச் சொன்னேன்.

"பரவாயில்லை, அண்ணை" என்றார். "றப்பர் காணும் எண்டு எனக்குத் தெரியும். நான் கடையில நிண்டு அளந்துதான் வெட்டுவிச்சனான். பில்லும் கிடக்கு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "பிறகேன் தம்பி சொல்லேல்ல? அண்டைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! ஐஞ்சு நிமிஷம் பேசாம ஏச்சு வாங்கினீங்களே!"

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரித்தார்.

"அண்ணை, மாமா என்னோட கதைச்சது அதுதான் முதல்தரம். இடையில நான் ஏதும் சொன்னா வைச்சிடுவார் எண்டு பயந்தனான்."

வாசலில் நின்ற அம்மா முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நான் தரையில் கிடந்த றப்பரைப் பார்த்தேன். போன் என் கையில் அப்படியே இருந்தது. இஞ்சினியர் கையை நீட்டி அதை வாங்கினார். தொண்டையைச் செருமினார், இரண்டு தரம்.

"ரவி" என்றார்.

"ஓம் மாமா."

"திரும்ப அனுப்பிறன் எண்டனீர். அனுப்பிப்போட்டீரோ?"

"இல்லை மாமா. வாங்கி வைச்சிருக்கிறன். நாளைக்குத் தபாலில போடுறன்."

"தபாலில போடாதேயும். கையோட கொண்டு வாரும். ஆவணியில."



"சரி மாமா. அளவு... திரும்ப ஒருக்கா அளந்து சொல்லுறீங்களோ?"

"பழைய அளவுதான்" என்றார் இஞ்சினியர். "உம்மட அளவில ஒரு பிழையும் இருக்கேல்ல."

அந்த மனிதர் வாழ்நாளில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். அதைச் சொல்லி முடித்ததும் போனை என்னிடமே நீட்டினார், நான்தான் வைத்தேன்.